களிமண் ஒட்டகமும் வெல்லத் துண்டும்: மறந்துபோன காமிக்ஸ் வில்லன்களை மீண்டும் எழுதுதல்

இழையைத் தொடங்கிய கேள்வி (2024 ஆகஸ்ட் 11)

பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகர்களான இரும்புக்கை மாயாவிக்கும் ஸ்பைடருக்கும் (ஸ்பைடர்மேன் வேறு ஆள்) மறுபதிப்பு வந்துகொண்டே இருக்கிறது. அவர்களிடம் அடிவாங்கிப் போன வில்லன்களை நினைப்பார் இல்லை. அவர்களில் ஒருவனை எடுத்து இன்றைய வாசகருக்காகப் புதிதாக எழுத முடியுமா, அல்லது அந்தக் கோமாளித்தனம் சாணித்தாளோடு மக்கிப் போகட்டும் என்று விட்டுவிடுவதுதான் மரியாதையா?

ஆகஸ்ட் 11, இரவு

முடியும். மதுரை டவுன்ஹால் ரோட்டு நடைபாதையில் அட்டை கிழிந்த காமிக்ஸ்களைப் பொறுக்கி வளர்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அதற்கு நிரூபிக்கப்பட்ட வழியும் ஒன்று இருக்கிறது. வில்லனுக்கு யாராவது ஒரு பெரிய அநியாயம் செய்திருக்க வேண்டும். பேட்மேனின் எதிரியான மிஸ்டர் ஃப்ரீஸ் 1959 முதல் பனித்துப்பாக்கியோடு அலைந்த மூன்றாந்தர ஆசாமி. அவனை யாரும் பொருட்படுத்தவில்லை. 1992-இல் பேட்மேன் கார்ட்டூன் தொடரின் ஓர் அத்தியாயத்தில் பால் டினி என்ற எழுத்தாளர் அவனுக்கு நோரா என்ற நோயாளி மனைவியைக் கொடுத்தார். மருந்து கண்டுபிடிக்கும்வரை அவளை உறைநிலையில் காத்துவைக்க முயன்ற விஞ்ஞானியை, செலவுக் கணக்குப் பார்த்த முதலாளி நாசமாக்கினான் என்று கதையை மாற்றினார். அத்தியாயத்துக்கு எம்மி விருது கிடைத்தது. காமிக்ஸும் அந்தப் பின்கதையை ஏற்றுக்கொண்டது. அதே பனித்துப்பாக்கிதான், காரணம்தான் புதிதாக வந்தது. ஆகவே சூத்திரம் எளிது: காரணத்தைக் கொடுங்கள், வில்லன் எழுந்து உட்காருவான்.

ஆகஸ்ட் 12

ஒரு திருத்தம். 1959-இல் அவன் பெயர் மிஸ்டர் ஃப்ரீஸ் இல்லை, மிஸ்டர் ஸீரோ என்று திருமங்கலத்து நண்பர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வதே சரி. ஃப்ரீஸ் என்ற பெயர் 1966-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் வந்து, பிறகு காமிக்ஸில் ஒட்டிக்கொண்டது. பூஜ்யமாகத் தொடங்கியவன் என்பது என் வாதத்துக்கு வசதியாகவே இருக்கிறது.

ஆகஸ்ட் 14

என் வாதம் அவ்வளவு வசதியாக இல்லை என்பது இரண்டு நாளில் தெரிந்துவிட்டது.

பட்டம் கட்டிக்கொண்டு பறக்கும் கைட்-மேன் 1960-இல் பேட்மேன் கதையில் வந்த கோமாளி. 2017-இல் எழுத்தாளர் டாம் கிங் அவனை எழுதியபோது அவனுடைய சிறுவயது மகன் நஞ்சு தடவிய பட்டத்தால் சாகிறான். படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை. உடம்பெல்லாம் வண்ணப் பொட்டு வைத்துக்கொண்ட போல்கா-டாட் மேன் 1962-இல் வந்தவன். 2021-இல் வெளியான திரைப்படத்தில் அவனுடைய தாயே அவனைப் பரிசோதனைப் பொருளாக்கிக் கெடுத்தாள் என்று ஆயிற்று. ஃப்ரீஸுக்கு மனைவி, பட்டக்காரனுக்கு மகன், பொட்டுக்காரனுக்குத் தாய். இப்படியே போனால் ஒவ்வொரு வில்லன் வீட்டிலும் பந்தல் போட்டுச் சங்கு ஊதினால்தான் கதை நகரும் என்ற நிலை வந்துவிடும். ஆகஸ்ட் 11-ஆம் தேதி நான் எழுதியது ஒரு நல்ல கதையைப் பற்றிய உண்மை. அதைச் சூத்திரம் என்று சொன்னது தவறு.

நாம் சிறுவயதில் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களை எண்ணிப் பாருங்கள். 1972-இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் லூயிஸ் கிராண்டல் என்ற பெயரில் அறிமுகமானபோது நல்லவன் அல்லன். ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன், மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தவிர மற்ற உடல் முழுவதும் மறைந்துபோவதைக் கண்டதும் குற்றத்தில் இறங்கி, நியூயார்க் நகரையே மிரட்டுகிறான். பிறகுதான் திருந்தினான். ஸ்பைடரோ 1965-இல் அறிமுகமானபோது குற்றவாளிகளுக்கு அரசனாக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசையில்லாத மனிதன். அவனுக்குச் செத்துப்போன மனைவியும் இல்லை, வஞ்சித்த முதலாளியும் இல்லை. ஹெலிகார் என்ற பறக்கும் வண்டி இருந்தது, வலைத்துப்பாக்கி இருந்தது, அளவில்லாத திமிர் இருந்தது. பெல்ஹாமும் ஆர்டினியும் அவனுக்குப் பயந்துகொண்டே சேவகம் செய்தார்கள். பத்து வயதில் அந்தத் திமிரைத்தான் ரசித்தோம். துக்கம் விசாரிக்க அவனிடம் நாங்கள் போகவில்லை.

ஆகஸ்ட் 15

ஸ்பைடரை எழுதியவர்களில் ஒருவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் ஸ்பைடருக்கு எதிராக நிறுத்திய வில்லன்களில் ஆண்ட்ராய்டு பேரரசன் என்று ஒருவன் உண்டு. பெயரைக் கேட்டதும் என் மகன் எத்தனையாவது பதிப்பு என்று கேட்டான். இந்த வில்லனைப் புதுப்பிக்க நினைப்பவர் முதலில் இந்தக் கேள்வியைத் தாண்டியாக வேண்டும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சாவு இல்லாமல் புதுப்பித்த வில்லன் ஒருவனைக் காட்டுங்கள் என்று கேள்வி கேட்டவரே கேட்டிருக்கிறார். காலண்டர் மேன். 1958-இல் பருவங்களையும் நாட்களையும் வைத்துக் குற்றம் செய்த வேடிக்கை மனிதன். 1996, 97-இல் எழுத்தாளர் ஜெஃப் லோபும் ஓவியர் டிம் சேலும் செய்த நீண்ட பேட்மேன் தொடரில் அவன் சிறைக்கூண்டில் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். பண்டிகை நாட்களில் கொலைகள் நடக்கின்றன. தேதிகளைப் பற்றித் தன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை என்ற தோரணையில் பேட்மேனோடு பேசுகிறான். பின்கதை கிடையாது, அழுகை கிடையாது. அவனுடைய கோமாளித்தனத்தைக் கேலி செய்யாமல், அதை ஒரு மனிதன் உண்மையாகவே நம்பினால் எப்படி இருப்பான் என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் என் புத்தி சிவகாசிக்குப் போய்விட்டது. நம் காமிக்ஸ்களை அச்சடித்த அதே ஊர்தான் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரையும் அச்சடிக்கிறது. அந்தக் காலண்டரை எழுத்துக்கு எழுத்து நம்பும் திருடன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். அப்போது அவன் பூட்டில் கைவைக்க மாட்டான். வெள்ளியன்று பத்தரை முதல் பன்னிரண்டு வரை, அதாவது நகைக்கடையில் கூட்டம் சேரும் நேரத்தில், டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருப்பான். கரிநாளில் வேலைக்கே வரமாட்டான். கோபுலு காலத்து நகைச்சுவைத் துணுக்கு போலத்தான் இது தொடங்கும். ஆனால் மூன்றாவது பக்கத்தில், இன்று ஞாயிறு, மேற்கே சூலம், பரிகாரம் வெல்லம் என்று காலண்டரில் கண்ட ஓர் உதவி ஆய்வாளர், கொள்ளை போன வீட்டின் மேற்குச் சுவரோரம் எறும்பு மொய்க்கும் வெல்லத் துண்டைக் கண்டு நிற்கிறார் என்று வையுங்கள். அந்த இடத்தில் துணுக்கு முடிந்து கதை தொடங்கிவிடுகிறது. அவனுக்கு எந்தத் துக்கமும் தேவைப்படவில்லை. ஒரு துண்டு வெல்லம் போதுமாக இருந்தது.

ஆகஸ்ட் 19

வெல்லத்தைத் தின்றுவிட்டுத்தானே புறப்படுவார்கள், சுவரோரம் எப்படிக் கிடக்கும் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். பாதி தின்றுகொண்டிருக்கும்போது நாய் குரைத்தது.

ஆகஸ்ட் 25

எல்லா வில்லனையும் எழுப்பலாமா என்பது உசிலம்பட்டியிலிருந்து எழுதும் ஆசிரியையின் கேள்வி. எழுப்பக்கூடாது என்றுதான் நினைக்கிறேன், அல்லது எழுப்பும்போது வேறு ஆளாக எழுப்ப வேண்டும். வொண்டர் வுமன் கதையில் 1965-இல் வந்த எக் ஃபூ என்பவன் மீசை வைத்த ராட்சத முட்டை. சீனர்களைப் பழிப்பதைத் தவிர அந்த உருவத்துக்கு வேறு நோக்கம் கிடையாது. 2006-இல் அவனைச் சாங் ட்ஸு என்ற பெயரில், உணர்ச்சியற்ற கொடிய அறிவாளியாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். திறமையான வேலைதான், ஆனாலும் முட்டை முட்டையாகவே இருந்தது.

நமக்கு நெருக்கமான உதாரணம் வேதாளர், அதாவது ஆங்கிலத்தில் ஃபேண்டம் என்ற முகமூடி நாயகர். முத்து காமிக்ஸ் அவரை வேதாளர் என்றது, ராணி காமிக்ஸ் மாயாவி என்றது, அதனால் இரண்டு மாயாவிகளுக்கும் இடையில் நாங்கள் பட்ட குழப்பம் தனிக் கதை. அவர் காவல் காக்கும் நாட்டின் பெயர் மூலத்தில் வங்காளத்தை ஒத்திருந்தது; இந்தியாவில் இந்திரஜால் காமிக்ஸ் 1964 முதல் வெளியிட்டபோது அதை டென்காலி என்று மாற்றிவிட்டார்கள். புதுப்பித்தல் என்பது இன்றைக்குப் புதிதாக வந்த வேலை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஒரே ஒரு சொல்லை மாற்றி, யார் மனமும் புண்படாமல், கதையை அப்படியே ஓட்டிவிட்டார்கள். அந்தக் கதைகளில் வெள்ளைக்காரர் காப்பாற்றுவதும் கறுப்பர் காப்பாற்றப்படுவதும் மட்டும் மாறவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

இனி வேடிக்கை பார்ப்பதை விட்டு நானே ஒருவனை எடுத்துக்கொள்கிறேன். களிமண் ஒட்டகம்.

லீ ஃபால்க் 1934-இல் தொடங்கிய மந்திரவாதி மாண்ட்ரேக் தொடரில் வரும் மாறுவேட நிபுணன் இவன். இயற்பெயர் சாக்கி. யாருடைய தோற்றத்தையும் நொடிகளில் எடுத்துக்கொள்வான். குற்றம் நடந்த இடத்தில் களிமண்ணால் செய்த சிறு ஒட்டகம் ஒன்றை விட்டுச் செல்வான். இவனுக்கு ஒரு மகளும் உண்டு. பித்தளைக் குரங்கு என்று பெயர், அவளுக்கும் அப்பாவின் அதே கைத்திறன். மாண்ட்ரேக் ரசிகர்களிலும் பலர் இவர்களை மறந்துவிட்டார்கள்.

என் திட்டம் இது. விளாச்சேரியில் ஒரு பொம்மைக்காரர். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் கொலுப் பொம்மையும் விநாயகரும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் தலைமுறைகளாகச் செய்கிறார்கள். கண்மாயில் களிமண் எடுக்க அனுமதி கேட்டு அலைந்து அலைந்து வெறுத்துப்போன மனிதர், மாறுவேடம் போட்டு அதிகாரிகளின் வீடுகளில் புகுந்து, போகும்போது அதே கண்மாய் மண்ணில் செய்த ஒட்டகத்தை வைத்துவிட்டுப் போகிறார். மண்ணே சாட்சி, மண்ணே பழி. எனக்குப் பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 2

மறுபடியும் அநியாயத்தில்தான் வந்து நிற்கிறீர்கள், இழவு மட்டும்தான் இல்லை என்று திருமங்கலத்து நண்பர் எழுதியிருக்கிறார். உள்ளதைச் சொன்னார். ஆனாலும் நேரில் போய்ப் பார்க்காமல் கைவிட மாட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று விளாச்சேரிக்குப் போய்வந்தேன். விநாயகர் சதுர்த்தி முடிந்து கொலு வேலை உச்சத்தில் இருக்கும் நேரம்; வீட்டுக்கு வீடு வாசலில் வண்ணம் பூசாத செட்டியார்களும் தசாவதாரங்களும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மூலம் அறுபது வயதைத் தாண்டிய கைவினைஞர் ஒருவரைப் பார்த்தேன். என் கதையைப் பத்து நிமிடம் சொன்னேன். கையில் இருந்த வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் கேட்டது இது ஒன்றுதான்.

“ஏன் தம்பி, அந்த ஒட்டகம் நிக்கிதா, உக்காந்திருக்கா?”

எனக்குத் தெரியவில்லை. நிற்கிறது என்று சொல்லிவைத்தேன்.

“நின்னா நிக்காது. இத்துனூண்டு மண்ணுல நாலு காலு, மேல அம்புட்டு ஒடம்பு. காயும்போதே முட்டிக்கிட்ட வெடிப்பு விட்டுரும். திருடப் போறவன் இடுப்புல சொருகிக்கிட்டுப் போனா முழுசாப் போயிச் சேருமா? நாங்க குடில் செட்டுக்குச் செய்யிற ஒட்டகத்தப் பாருங்க, மண்டி போட்டுத்தான் இருக்கும்.”

எழுந்து போய் ஒன்றை எடுத்துவந்து காட்டினார். கால்கள் மடங்கி, வயிறு தரையில் பட, கழுத்து மட்டும் நிமிர்ந்த ஒட்டகம். இரண்டு பாதி அச்சில் மண்ணை விரலால் அழுத்தி, இரண்டையும் ஒட்டி, நிழலில் காயவைத்துச் சூளையில் சுடுகிறார்கள். ஒட்டு விழுந்த கோடு முதுகில் திமிலின் நடுவே மெல்லியதாகத் தெரிந்தது. அதை அவர் நகத்தால் தொட்டுக்காட்டி, இந்தக் கோட்டைப் பார்த்தே இது யார் வீட்டு அச்சு என்று இந்தத் தெருவில் சொல்லிவிடுவார்கள் என்றார். வில்லனைக் கண்டுபிடிக்க என் கதையில் நான் போட்டிருந்த ஆறு பக்கத் துப்பறிதலை அவர் நகம் ஒரு நொடியில் தின்றுவிட்டது.

மண் எடுக்கும் அனுமதியைப் பற்றிக் கேட்டேன். கஷ்டம்தான் என்றார். அதற்காக யார் வீட்டிலாவது புகுவார்களா என்றேன். கொலு முடியும்வரை வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசவே நேரமில்லை என்று சிரித்தார்.

செப்டம்பர் 16

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. பேச்சுவாக்கில் அவருடைய மனைவி, ரேஷன் கடைக் கருவி தன் கைரேகையை ஏற்பதில்லை, மண்ணைப் பிசைந்து பிசைந்து ரேகை தேய்ந்துவிட்டது என்றார். இரண்டு மூன்று முறை விரலைத் துடைத்துத் துடைத்து வைத்த பிறகு கண்ணைக் காட்டச் சொல்வார்களாம். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையாகவே சொன்னதாக எனக்குப் பட்டது.

இரவெல்லாம் இதுவே ஓடிக்கொண்டிருந்தது. 1930-களின் மாறுவேடக்காரனுக்கு முகம் ஒன்றுதான் தடை. இன்றைக்கு முகத்தை மாற்றினால் போதாது. விரலும் விழியும் செல்பேசிக்கு வரும் எண்ணும் சேர்ந்துதான் ஒரு மனிதன். களிமண் ஒட்டகம் ஆட்சியராக, நகைக்கடை முதலாளியாக, கோயில் அறங்காவலராக எவராகவும் வந்து நிற்க முடியும், விரல் வைக்கும் இடத்தில் ரேகையும் விழாது. அதே மனிதன் முதல் தேதி வந்தால் தன் சொந்த அட்டையில் தன் சொந்த அரிசியை வாங்க, தான்தான் என்று நிரூபிக்க முடியாமல் மூன்றுமுறை விரலைத் துடைக்க வேண்டும். இது அநியாயக் கதை இல்லை. தொழில் கொடுத்ததும் தொழில் எடுத்துக்கொண்டதும் ஒரே விரலில் இருக்கிறது, அவ்வளவே. கண்மாய் அனுமதியைப் பற்றிய பக்கங்களைக் கிழித்துவிட்டேன். செப்டம்பர் 1-ஆம் தேதிக் குறிப்பைத் திருத்தாமல் அப்படியே விட்டுவைக்கிறேன், திருமங்கலத்தாரின் மகிழ்ச்சிக்காக.

செப்டம்பர் 22

ஆசிரியை எழுதியிருப்பதை முழுவதும் ஏற்கிறேன்: நொடியில் வேடம் மாறுவதைப் படத்தில் ஒரே கட்டத்தில் தாவிவிடாதீர்கள், அரிதாரம் பூசுவதைக் காட்டுங்கள் என்கிறார். அவருடைய ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகத்துக்கு வந்த நடிகர், லாரியின் பக்கக் கண்ணாடியில் முகம் பார்த்து ஒரு மணி நேரம் பூசியதைச் சிறுமியாக நின்று பார்த்திருக்கிறாராம். அதனால் கதையில் அப்பாவுக்கு வயதாகிவிட்டது. நொடிகளில் மாறியவருக்கு இப்போது முக்கால் மணி நேரம் ஆகிறது, கை நடுங்குகிறது, புருவம் கோணுகிறது. புருவத்தைத் திருத்துவது மகள். பித்தளைக் குரங்கு என்ற பெயரை மட்டும் நம் வாசகர் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று தெரியாமல் விழிக்கிறேன்; மகளைக் குரங்கு என்று செல்லமாக அழைக்காத அப்பா மதுரைப் பக்கம் உண்டா என்றும் தோன்றுகிறது.

செப்டம்பர் 29

மேசையில் வைத்து வரைவதற்கு அந்த மண்டியிட்ட ஒட்டகம் ஒன்று வேண்டும் என்று மறுபடியும் விளாச்சேரிக்குப் போனேன். போன வருடத்துக் குடில் செட் இரண்டு மிச்சம் இருந்தன. ஒட்டகத்தை மட்டும் கொடுங்கள் என்றேன்.

“செட்ட ஒடச்சுத் தரமாட்டோம் தம்பி. ஒட்டகம் போயிட்டா மூணு ராஜாவும் நடந்தா வருவாங்க? அப்புறம் இத யாரு வாங்குவா?”

வண்டியில் திரும்பி வரும்போது பழங்காநத்தம் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்ற இடத்தில்தான் உறைத்தது. என் வில்லனும் ஒட்டகத்தைத் தனியாக வாங்க முடியாது. பதினோரு திருட்டு, பதினோரு ஒட்டகம் என்றால், எங்கேயோ ஒரு வீட்டில் ஒட்டகம் இல்லாத பதினோரு குடில் செட்டுகள் வைக்கோலுக்குள் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வார்? தொழில்காரருக்கு நல்ல பொம்மையைக் குப்பையில் போட மனம் வராது. மார்கழியில் மகள் அவற்றைக் குறைந்த விலைக்கு விற்றுவிடுகிறாள். மதுரையைச் சுற்றிப் பதினோரு வீடுகளில், பதினோரு குடில்களில், ராஜாக்கள் நடந்து வந்து நிற்கிறார்கள். வெல்லத் துண்டைக் கண்டு நின்ற அதே உதவி ஆய்வாளர் ஒரு குடிலின் முன் குனிந்து எண்ணத் தொடங்குகிறார். பின்கதையில் சூத்திரம் தேடிய எனக்குக் கண்முன்னால், பொம்மை விற்கும் முறையிலேயே கதை கிடந்திருக்கிறது.

அக்டோபர் 3

முழு செட்டையும் வாங்கிவிட்டேன். ஒட்டகம் என் மேசைமேல் இருக்கிறது. முதல் பக்கத்தில் ஐந்து கட்டம் பென்சிலில் முடிந்திருக்கிறது. மற்றவற்றை அட்டைப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். இன்று கொலு வைத்த அம்மா, மண் பொம்மை பெட்டிக்குள் கிடந்து என்ன செய்யப் போகிறது என்று மூன்று ராஜாக்களையும் எடுத்து, கடைசிப் படியில் செட்டியார் கடைக்குப் பக்கத்தில் பருப்பு வாங்க வந்தவர்களைப் போல நிறுத்திவிட்டார்.